சாயாத படகு

ராஜ்குமார் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த பழைய பாய்மரப் படகு பதினெட்டு அடி நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஓதம் வடிந்து கடல்தண்ணீர் இறங்கினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கட்டும் என்று, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதை வரைந்த புண்ணியவான் அடியில் இரண்டு கால் வைத்திருந்தான். முத்துப்பேட்டைச் சேற்றுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. மிதக்கும்போது மட்டும், ஒற்றை ஆள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் சாயும். அதனால் மனைவி பூர்ணிமா வலப்பக்கம் என்றால் அவன் இடப்பக்கம்.

அவன் செத்து இன்றோடு ஒரு வருஷம்.

"சோத்துக்கு ஒருநாளாவது நேரத்துக்கு வீட்டுக்கு வந்த மனுஷனா? அங்க எதுக்குப் படையல்?" என்று மாமியாரிடம் கத்திவிட்டு, பூர்ணிமா இலையோடு படகுக்கே வந்துவிட்டாள். இடப்பக்கம் இலை போட்டு, சோறும் இறால் தொக்கும் செம்பில் தண்ணீரும் வைத்தாள்.

"வந்து சாப்பிடுங்க."

படையல் வைத்தவர்கள் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். படகில் எங்கே போவது? முதுகைக் காட்டி வலப்பக்கமே உட்கார்ந்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்தது.

காற்றே இல்லை. கொஞ்ச நேரத்தில் படகு மெல்ல நிமிர்ந்து சமமாக நின்றது.

பூர்ணிமா திரும்பவில்லை.

"இன்னிக்கு மட்டும் நேரத்துக்கு வந்துட்டீங்களாக்கும்" என்றாள்.