திரும்பாத தடம்

நகரத்தைச் சுற்றி ஓடும் ஒன்பதாம் எண் பேருந்துக்கு முதல் நிறுத்தமும் கிடையாது, கடைசி நிறுத்தமும் கிடையாது. இருபத்தொரு வருடமாக அதை ஓட்டியவரை எல்லோரும் வட்டம் என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் தன் சொந்தப் பெயரைப் பார்த்தால், யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார் போலிருக்கிறது என்று அவரே நினைத்துக்கொள்வார்.

அந்தத் தடத்தில் பத்தொன்பது வளைவுகள். அத்தனையும் இடப்பக்கம். அதனால் வட்டத்துக்கு இடது செருப்பு மட்டும்தான் தேயும். கட்டிலுக்கு அடியில் பதினான்கு வலது செருப்புகள் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் கிடந்தன. வலப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், இடப்பக்கமாகவே முக்கால் சுற்று சுற்றி வந்து "என்ன?" என்பார். அதற்குள் கூப்பிட்டவர் சலித்துப்போய் நடையைக் கட்டியிருப்பார்.

கண்டக்டருக்குப் பெயர் விசில். சொந்த மனைவியையே விசிலடித்துக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஓடிய தூரத்தை அவன்தான் ஒருநாள் கூட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நேராப் போயிருந்தா நாம நிலாவுக்குப் போயிட்டு வந்து, மறந்து வெச்ச குடைய எடுக்க மறுபடியும் போயிருக்கலாம்."

"குடையாவது மிஞ்சியிருக்கும்" என்றார் வட்டம்.

பதினோராவது வளைவில், பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலை ஒட்டி, நெடுஞ்சாலை பிரிந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக. ஒரு சுற்றுக்கு மூன்று வினாடிதான் அது கண்ணில் படும். அந்த மூன்று வினாடியில் வட்டத்துக்கு உள்ளங்கால் அரிக்கும். வீட்டுக்கு வந்தாலும் அரிப்பு அடங்காது. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் உட்காரச் சொல்லும். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். ஏறிய இடத்திலேயே இறங்கி, ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானா?

கடைசியில் மனு எழுதினார். ஆபீசுக்குப் போகும் கடிதம் அழகாக இருக்க வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நான்காவதில் இப்படி முடித்தார்: "இத்தனை ஆண்டுகள் திரும்பித் திரும்பி மனம் சலித்துவிட்டது. இனியாவது திரும்ப வேண்டாத தடம் ஒன்றை அருளுமாறு வேண்டுகிறேன்."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நெடுஞ்சாலைப் பேருந்து, ஆறு மணி நேரப் பயணம். அவர் கேட்டுக்கொண்டபடியே திரும்ப வேண்டியதில்லை. போய்ச் சேரும் ஊர் டிப்போவிலேயே தங்கிப் பணியாற்றலாம். பேருந்தை இங்கே வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவார். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

டிப்போ கிளார்க்கிடம் ஓடினார்.

"சார், திரும்பறதுன்னா நான் சொன்னது வளைவு சார்."

"அப்ப வளைவுன்னு எழுதியிருக்கணும்" என்றார் கிளார்க். "நாங்க மனுவைப் படிப்போம். மனசைப் படிக்க இங்க ஆள் போடல."

"இப்ப என்ன பண்றது?"

"வேண்டாம்னு இன்னொரு மனு குடுங்க. பழைய வட்டமே கிடைக்கும். ஆனா அஞ்சு வருஷத்துக்கு நேர்த் தடம் கேட்க முடியாது."

இரண்டாவது மனுவை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கத்தான் கை வரவில்லை. வீட்டுக்கு வந்தால், மேஜை மேல் உத்தரவு பிரித்தபடி கிடந்தது. எதிரே மனைவி.

"உங்களுக்குத் திரும்ப இஷ்டமில்லைன்னு ஆபீசுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள். "எனக்குத்தான் தெரியல."

"அது வளைவைச் சொன்னேம்மா."

"அப்ப நான் யாரு, இருபதாவது வளைவா?"

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். அவள் அசையவில்லை.

"நீங்க சுத்தறீங்கன்னு ஊருக்கே தெரியும். நான் ஆஸ்பத்திரி சலவைல பத்தொன்பது வருஷமா நிக்கறேன். அந்த மெஷின்ல வட்டமா ஒரு கண்ணாடிக் கதவு. அதுல யாரோ படுத்த போர்வை சுத்தும், நான் பார்த்துட்டு நிப்பேன். உங்களுக்காவது கண்ணாடி வழியா மனுஷங்க தெரியறாங்க. பக்கத்துல போற நெடுஞ்சாலை எந்தப் பக்கம் போகுதுன்னுகூட எனக்குத் தெரியாது. நான் எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறது?"

பதினோராவது வளைவைத் தினம் எட்டு முறை கடந்தவர். அந்தச் சுவருக்கு உள்ளே அவளும் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை. உள்ளங்காலில் இருந்த அரிப்பு மெல்ல ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்டது. அங்கே சொறிய முடியாது.

திங்கட்கிழமை காலை, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நின்ற பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். மனு இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது. அண்ணனை வழியனுப்ப வேண்டும் என்று விசில் அன்றைக்கு மட்டும் டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தான். இன்ஜினைக் கிளப்பினார். விசில் ஊதவில்லை.

"என்னடா?"

"அண்ணி ஏறியிருக்காங்க."

டிரைவருக்குப் பின்னால், வலப்பக்க ஜன்னலோரம், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க வேண்டுமானால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கமாகச் சுற்ற ஸ்டியரிங் விடாது. வட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். அந்தக் கழுத்துச் சொடக்கு கடைசி சீட்வரை கேட்டதாகவும், அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர் டயர் வெடித்ததென்று இறங்கிப் பார்த்ததாகவும் விசில் இன்றைக்கும் சொல்கிறான்.

"லீவு குடுத்தாங்களா?"

"எழுதிக் குடுத்தேன். 'இன்னைக்கு வர முடியாது.' ரெண்டு அர்த்தம் வராது பாருங்க."

விசில் டிக்கெட் கருவியைத் தட்டினான். "அண்ணி, போறதுக்கு மட்டுமா, திரும்பறதுக்குமா?"

"அவரைக் கேளு."

வட்டம் முன்னால் பார்த்தார். சாலை நேராகக் கிடந்தது. மூன்று வினாடி போயும் அது மறையவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"போறதுக்கு ஒண்ணு. திரும்பறதுக்கு ரெண்டு."

"யாருக்கு ரெண்டு? டிரைவருக்கு டிக்கெட் கிடையாதேண்ணே."

"திரும்பும்போது நான் டிரைவர் இல்லடா. இந்த மனுவை அங்க நீட்டிட்டு ஜன்னலோரமா உட்கார்ந்து வரப் போறேன்."

"ஜன்னல் எனக்கு" என்றாள் பின்னாலிருந்து. பிறகு, "அஞ்சு வருஷம் கழிச்சு?" என்றாள்.

"அப்ப மனுவை நீ எழுது. ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"உங்களுக்கு எழுதறது இருக்கட்டும். முதல்ல எனக்கு எழுதணும்" என்றாள்.

விசில் ஊதினான். வண்டி கிளம்பியது. வட்டத்தின் வலது கால் மிதிமேல் நிலைகொள்ளாமல் துள்ளியது.

நான்காவது கிலோமீட்டரில் ஒரு வளைவு இருந்தது. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் வலப்பக்கம்.