பேச்சுக்கு ஒரு கோகிலா

1

இந்தக் கதை எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டின் வாயிலிருந்து வந்தது. பக்கத்து ஊர் ஆயர் குரோவிலிருந்து வந்திருந்தார், மரியாதையான பையன். காப்பியைப் பாதி குடித்துவிட்டு, "பேச்சுக்கு, நாளைக்கே ஒங்க மகளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னு வச்சுக்குங்க, சார்" என்றார். அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போன என் மனைவி ஜெயா, அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நாங்கள் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. எனக்கு ஒரு கதை மட்டும் கிடைத்தது.

வீட்டு விஷயத்தை அப்படியே எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் கதையை நாங்கள் இருக்கும் இதே காஜா பெராங்கில், இந்த நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கியதற்கு மறுவருஷத்துக்குத் தள்ளிவிட்டேன். பழைய காலத்தில் வைத்துவிட்டால் எதையும் தைரியமாக எழுதலாம் என்று ஒரு நினைப்பு.

2

முதல் தொடக்கம்: "மெர்டேக்கா கொடியின் சாயம் இன்னும் போகாத அந்த நாளில்—"

வேண்டாம். கொடியில் தொடங்கிய கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

இரண்டாவது: "சிவகாமசுந்தரி டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது." இதுவும் வேண்டாம். அப்படி யாரும் பிறக்கவில்லை.

மூன்றாவது இது. சனிக்கிழமை மத்தியானம், தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். பள்ளி மூலமாகப் பிள்ளைகளுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். [அந்தக் காலத்தில் அப்படி ஒரு திட்டம் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கம்பெனியும் பள்ளியும் என் கற்பனை.] தலைமையாசிரியர் தம்பிராஜா தொண்டை சரியில்லை என்று நழுவிக்கொண்டார். வேலை சிவகாமசுந்தரி டீச்சர் தலையில் விழுந்தது.

டீச்சருக்கு இதில் உண்மையிலேயே அக்கறை உண்டு. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து, கை முறிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே எண்ணெய் போட்டுக் கட்டி, அந்தக் கை கோணிப்போனதைத் தம் வகுப்பிலேயே பார்த்தவர். இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுந்து நின்றார்.

3

மாதம் அரை வெள்ளி, அதாவது ஐம்பது காசு, கட்டினால், பிள்ளைக்கு நோய்நொடி வரும்போது கம்பெனி செலவைப் பார்த்துக்கொள்ளும். இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மளிகைக்கடை தாவூத் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"பிள்ளைக்கு ஒன்னும் வரலன்னா, கட்டுன காசு திரும்ப வருமா, டீச்சர்?"

"வராதுங்க."

"அப்ப நோவு வந்தாத்தான் லாபம்ங்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலையப் பார்த்தது. ஓர் உதாரணம் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்று டீச்சருக்குப் பட்டது. உதாரணத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும்.

அவர் கண் தேடியது. தாவூதின் மகள் சபியா? தாவூத் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அந்த வரிசையே கூடப் போய்விடும். ஜன்னலோரத்தில் டீச்சரின் மகன் தியாகு, டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். கண் அவன்மேல் நிற்கக்கூட இல்லை. பெஞ்சில் இடமிருந்தும் தரையில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்தின்மேல் போய் நின்றது. முனிசிபலில் தெருக் கூட்டுகிறவள். பக்கத்தில் அவள் மகள் கோகிலா.

"பேச்சுக்கு, நம்ம கோகிலா ரம்புத்தான் மரத்துலேர்ந்து விழுந்து கால ஒடச்சிக்கிட்டான்னு வச்சுக்குவோம்."

உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ரெண்டு காலும் போச்சுன்னா?"

"அதுக்கும் உண்டு."

"டைபாய்டு வந்தா?"

"கோகிலாவுக்கு டைபாய்டு வந்தா, படுக்கைச் செலவு கம்பெனியோடது."

"பாம்பு கடிச்சா?"

கொஞ்ச நேரத்துக்குள் கோகிலாவுக்கு வராத நோயில்லை என்றாகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் அவளைச் சாகடித்தே பார்த்துவிட்டார், அதற்கும் கம்பெனியிடம் பதில் இருந்தது. தன் பெயர் அடிபடுவதில் முதலில் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்த கோகிலா, டைபாய்டு வந்தபோது அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். கூட்டம் முடிகையில் தாவூத் உட்பட ஏறக்குறைய எல்லோரும் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். தம்பிராஜாவும் தொண்டை சரியாகி, நன்றியுரை ஆற்றினார்.

[திருப்பிப் படிக்கும்போதுதான் கவனித்தேன். டீச்சர் "நின்றார்", தாவூத் "எழுந்தார்", பூங்காவனம் மட்டும் "கூட்டுகிறவள்". கதையில் டீச்சரைக் குறை சொல்லிக்கொண்டே நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். இனிமேல் பூங்காவனத்தையும் அவர் என்று எழுதுகிறேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.]

4

எல்லோரும் போன பிறகும் பூங்காவனம் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் மகளைச் சேர்க்கவில்லை.

"என்ன பூங்காவனம், ஒனக்குத்தான் இது மொதல்ல வேணும். ஏன் சேக்கல?" என்றார் டீச்சர்.

"வேணும்தான் டீச்சர். நீங்க சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சிருச்சு."

"அப்பறம் என்ன?"

"எம்மவள இத்தன பேரு முன்னால எத்தன தடவ ஆஸ்பத்திரில போட்டீங்க. நான் வாயத் தொறக்கல." குரலில் கோபம் இல்லை. "அதையே இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர். ஒங்க மவன் தியாகு பேரப் போட்டுச் சொல்லுங்க. பேச்சுக்குத்தானே. சொல்லிட்டீங்கன்னா எம்மவள இப்பவே சேத்துடுறேன்."

கண்ணேறு, வாக்குப் பலிப்பது எல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர் டீச்சர். சின்ன விஷயம்தான், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"பேச்சுக்கு, நம்ம..."

ஜன்னலோரத்தில் தியாகு தலையைத் தூக்கி, "என்னம்மா?" என்றான்.

நாக்கு புரளவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் இப்படி அடம்பிடிக்கிறதே, கோகிலாவின் பெயர் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. கோகிலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

முடிவு, ஒன்று. டீச்சர் சொல்லிவிடுகிறார், கோகிலா சேர்ந்துவிடுகிறாள், இரண்டு தாய்மாரும்— அடித்துவிட்டேன். நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது அது.

முடிவு, இரண்டு. பூங்காவனம் சேர்க்காமலே போய்விடுகிறார். அடுத்த வாரம் கோகிலா நிஜமாகவே அந்த மரத்திலிருந்து—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கதைக்கு இதுதான் எடுப்பாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஜெயாவும் இந்த இடத்தில்தான் நிறுத்தினாள்.

"காலு ஒடையறதுக்கு ஒங்களுக்குத் தெருக் கூட்டுறவங்க பிள்ளதான் கெடச்சிச்சா?"

"கதைதானே ஜெயா."

"கதைதானே. நம்ம மக பேர வச்சு எழுதுறதுதானே."

எழுத உட்கார்ந்தேன். ஒரு பெயரை மாற்றினால் போதும். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு எழுந்துவிட்டேன். என் மகளின் பெயர் இந்தக் கதையில் எங்கும் இல்லை என்பதை நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். டீச்சரைப் பற்றி எழுதப் புறப்பட்டவன் அவர் பக்கத்திலேயே போய் நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

6

ஆகவே டீச்சர் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். பூங்காவனம் கிளம்பவில்லை. அவரை ஒரு படி இறங்கிவர வைக்கும் உரிமை மட்டும் எனக்கு இருக்கிறது: யார் சொன்னாலும் சரி, யாராவது ஒருவர் தன் பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும் என்கிறார் அவர்.

டீச்சரால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கீழே புள்ளி வைத்த இடத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். மனசுக்குள் படிப்பது ஆகாது, பூங்காவனத்தின் காதில் விழ வேண்டும்.

"பேச்சுக்கு, நம்ம ............ ரம்புத்தான் மரத்துலேர்ந்து விழுந்து..."

நீங்கள் சொன்னால் கோகிலா சேர்ந்துவிடுவாள்.