ஜாக் வாங்க வந்தவள் கேட்ட கேள்வி

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரு கதை சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் நான் நிஜமாகக் கேட்டது ஒரு கடைப் பேச்சுதான். வண்டிச் சாமான் கடையில் கண்ணாடி துடைக்கிற ரப்பர் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி, கழுத்தில் அளவு நாடாவோடு. போகிற நேரத்தில் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாள். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றி நான் தைத்தது. அதை இப்போதைக்கு முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

2

'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு...'

வேண்டாம். ஆரம்பிக்கத் தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.

தையல்காரியின் கணவர் போய் ஒரு வருடம் ஆயிற்று. அவருடைய பழைய காரில்தான், தைத்த சீருடைகளை மேட்டுப் பள்ளிக்குச் சரளைப் பாதையில் கொண்டுபோகிறாள். வெளியூரிலிருக்கும் மகன் அதை நினைத்தே போன் போடுவான்.

"நடுவழியில டயர் போனா என்னம்மா பண்ணுவ?"

"மாத்துவேன்."

"என்னைக்காவது மாத்தியிருக்கியா?"

"உங்கப்பாவும் நானும் சேர்ந்துதான்டா மாத்துவோம்."

"நீ உள்ள உக்காந்திருப்ப. ஞாயித்துக்கிழமை வரேன். தனியா ஒரு சக்கரம் மாத்திக் காட்டு. முடியலன்னா வண்டியை வித்துடலாம்."

(முதல் வரைவில் இந்த மகனைக் கல்நெஞ்சுக்காரனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்தவன், அவ்வளவுதான்.)

3

உள்ளே உட்கார்ந்திருப்பாள் என்பது உண்மை. கணவரின் வழக்கம் அது. முதலில் ஜாக்கை வைத்து வண்டியைத் தூக்கிவிடுவார். அப்புறம் நட்டைத் திருகப் போனால், அந்தரத்தில் நிற்கிற சக்கரமும் கூடவே சுற்றும்.

"மகாராணி, ஏறி பிரேக்கை மிதிங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அழுத்துவாள். கீழேயிருந்து அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு நட்டு இளகும்போதும் இருக்கை லேசாக ஆடும்.

"விட்றாத. நீ விட்டா எல்லாம் போச்சு."

முப்பது வருடம் அவள் விடவில்லை.

4

வண்டியோடு வந்த ஜாக் துருவேறி இறுகிவிட்டது. ஆகவே கடை.

கடைக்காரர் குட்டை உருளை போன்ற ஹைட்ராலிக் ஜாக்கை எடுத்து வைத்தார். "ரெண்டு டன் தூக்கும். கை நோவாது."

அவள் நாடாவைப் பிடித்தாள். "ஏழரை இஞ்சு. என் வண்டிக்கடியில ஆறரைதான். நுழையாது."

"காத்தை இறக்கிட்டா அளந்தீங்க?"

"காத்து போனப்புறம்தானே ஜாக்குக்கு வேலை? ஆள் இளைச்சப்புறம் பழைய அளவுல தைப்பாங்களா?"

அடுத்து, சக்கரம் வைத்த ஜாக். தாழ்வானது, நுழையும். அவள் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"இதைத் தூக்கவே இன்னொரு ஜாக் வேணும். சரளையில உருளவும் உருளாது."

கடைசியாக, கத்தரிபோல் விரிகிற ஜாக். அகன்ற அடித்தட்டு, நீளக் கைப்பிடி. சுற்றிப் பார்த்தாள், மணிக்கட்டு ஒத்துக்கொண்டது.

"அடியில பலகை போட்டுக்குங்க, மண்ணுல புதையாது."

"இருக்கு. துணி வெட்டுற பழைய மேசையிலேருந்து அவர் அறுத்து வச்சது."

"இன்னொண்ணும்மா. மத்த சக்கரத்துக்கு முட்டுக் கல்லு வச்சுட்டு, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை இளக்கிடணும். அப்புறம்தான் தூக்கணும்."

இப்போது முந்தானை முடிச்சை அவிழ்க்கிறேன்.

"அப்போ உள்ள யாரு உக்காருவா?"

"யாரும் உக்காரக் கூடாது. தூக்கின வண்டிக்குள்ள ஆள் இருக்கறது ஆபத்து."

அவள் நாடாவைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

5

நட்டைத் தரையிலேயே இளக்க வேண்டும் என்று அவள் கணவருக்குத் தெரியாதா?

ஒரு வரைவில் தெரியாது. யாரோ தப்பாகச் செய்ததைப் பார்த்துப் பழகியவர். இன்னொரு வரைவில் தெரியும். அவள் வெயிலில் நிற்கக் கூடாது, சும்மா உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாள், அதனால் ஒரு வேலை கொடுத்தார். ஆனால் ஆபத்து என்று தெரிந்துமா? அங்கே பேனா நின்றுவிடுகிறது. அவர் ஒரு...

(முடிக்க எனக்கு உரிமை இல்லை. விட்டுவிடுகிறேன்.)

6

ஞாயிற்றுக்கிழமை. கல். பலகை. ஸ்பேனரை மாட்டி ஏறி மிதித்தாள், நான்கு நட்டும் இளகின. பிறகு தூக்கினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகன் பாதியில் கையைப் பிரித்தான். சக்கரம் மாறி, வண்டி தரை இறங்கி, நட்டுகள் இறுகியதும், வந்தவுடன் வாங்கி வைத்திருந்த சாவியை அவளிடம் கொடுத்தான்.

"நீயே வச்சுக்கோம்மா."

அவள் உள்ளே ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள்.

"அதான் முடிஞ்சுதே, இப்ப எதுக்கு?"

அவள் சொன்ன பதிலை மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் அடித்தேன். அதை உங்களிடம் விடுகிறேன், கண்ணுகளா. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நீங்கள் முடிவு செய்தால், பதில் தானே வரும்.

உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிற வண்டியெல்லாம் போன வழியே பத்திரமாகத் திரும்பி வரட்டும். நடுவழியில் நின்றாலும், பேச்சுக் கொடுக்க ஒரு குரல் பக்கத்தில் இருக்கட்டும்.