வல்லிநாயகம் கம்பில்லாமல் நடந்த நாள்

பெண் பார்க்க வருகிறவர்களைப் பெண்ணின் அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வருவதுதான் மரியாதை. அந்த மரியாதையை நினைத்துத்தான் உலகம்மாள் அன்று காலையிலிருந்தே வாசலுக்கும் அடுக்களைக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

கணவர் வல்லிநாயகம், தென்காசி ரைஸ்மில்லில் உமித்தூசியைத் தின்றே இரைப்பு வாங்கிக்கொண்டவர். கம்பை ஊன்றினால் ஒழுங்காக நடப்பார். கம்பில்லாவிட்டால் தள்ளாட்டம். நடந்துகொண்டே பேசினாலோ கேட்கவே வேண்டாம், மூச்சும் காலும் சேர்ந்து கைவிட்டுவிடும். ஆனால் கம்பைப் பார்த்தால் வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள், இரைப்பு என்றால் காசம் என்பார்கள், பெண்ணுக்கும் இருக்கும் என்பார்கள். உலகம்மாள்தான் அதைப் பிடுங்கி நெல் பத்தாயத்துக்குப் பின்னால் போட்டாள்.

“வழியில வாயத் திறக்காதீங்க. நம்ம சுந்தரிக்காக” என்றாள்.

வீரகேரளம்புதூரிலிருந்து வந்திறங்கிய மாப்பிள்ளையின் அப்பா குற்றாலிங்கமோ வாய் ஓயாதவர். மழை எப்படி, குளம் பெருகியதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை. நின்று சொல்லக் கூச்சப்பட்டு, வல்லிநாயகம் நடந்துகொண்டே சொன்னார். வாசலில் காத்திருந்த உலகம்மாளின் கண்ணெதிரே, சாரலில் நனைந்த தெருவில் தள்ளாடிப் போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தார்.

குற்றாலிங்கத்தின் முகம் சுருங்கியது. “அண்ணாச்சி செங்கோட்டைப் பக்கம் போயிட்டு வாராகளோ? அங்கன திருவாங்கூர்ச் சட்டம், நம்ம பக்கம் மாதிரி மதுவிலக்கு கெடையாது, கள்ளு கெடைக்கும்லா?”

இரைப்பு என்று சொல்ல உலகம்மாள் வாயெடுத்தாள். சொன்னால் மகள் வாழ்வு போச்சு. சொல்லாவிட்டால் புருஷன் குடிகாரன். பாவி, திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“ஆமா, அண்ணாச்சி...” வல்லிநாயகம் தரையிலிருந்தபடியே மூச்சைத் திரட்டினார். “கொஞ்சம்... போட்டுட்டேன். தப்புதான்.”

கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுஷர்.

அப்பன் குடித்தால் பெண் என்ன செய்யும் என்று குற்றாலிங்கம் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, குடிகாரர் கையால் தாரை வார்க்கக் கூடாது.

குற்றாலத்தில் கல்யாணம் நடந்தது. சுந்தரியை அவள் தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். வல்லிநாயகம் பந்தலின் கடைசியில் உட்கார்ந்து, தலைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார். தாலி ஏறியதும் உலகம்மாள் கம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“இனிமே ஊணிக்கிடுங்க.”

அவர் எழுந்து, பேசாமல், நிதானமாக மணமக்களை நோக்கி நடந்தார். கால் பிசகவில்லை.

“பாத்தீகளா,” என்று குற்றாலிங்கம் பக்கத்திலிருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார், “இன்னைக்கு ஊத்திக்கிடல. நேரா நடக்காரு.”

உலகம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மகளைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் தேற்றினார்கள்.