கனகலட்சுமியின் கியர் சோப்பு

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் இருங்காட்டுக்கோட்டை கோதண்டராமன் வீட்டுச் சாக்கடை மூன்று நாள் தூங்கியது. அடைப்பு என்று நினைத்து அவர் முதலில் மூங்கில் கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். கழி தடையில்லாமல் அந்தப் பக்கம் போய் வந்தது. தண்ணீர் மட்டும் நகரவில்லை. குனிந்து காது கொடுத்தபோது சீரான குறட்டை கேட்டது. கோதண்டராமன் நிதானமான மனிதர். கடலை போட்ட நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனபின் மீதியில் பதினான்கு அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு ஆள் வைத்தால் சாக்கடைத் தொல்லை வரும் என்பது அவருக்குத் தெரியும். எந்த ரூபத்தில் வரும் என்பதுதான் தெரியாது. நேராக ஏழாம் நம்பர் அறைக்குப் போனார். அந்த வரிசையில் சோப்பு காய்ச்சுகிறவள் அங்கேதான் இருந்தாள். "இன்னாம்மா ஊத்துற இதுல? தண்ணி ஓடாம படுத்துகினு கீது" என்றார். கனகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் ஊத்தல அண்ணாச்சி. அது ஆளுக குளிச்சு எறக்குன அலுப்பு. எல்லாம் ஒரே எடத்துல சேந்துட்டு போல" என்றாள்.

கனகலட்சுமி கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரிலிருந்து தொண்ணூற்றொன்பதில் கொம்பையாவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். கார் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்கும் கம்பெனியில் கொம்பையாவுக்கு வேலை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய், ஓ.டி.யும் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்துக்கு வருவான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த இடத்தில் வாய் ஓயாமல் பேசிய ஆள் அவன்; அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் சம்மதித்தாள். இங்கே வந்தபின் ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசினான். சோறு போடு, லைட்ட அணை, காலையில எழுப்பு. அவன்மேல் குறை சொல்ல முடியாது. உடம்பில் அதற்குமேல் மீதி இல்லை. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம், கம்பெனி எடுத்துக்கொண்டது போக அவனில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதுதான். மகளிர் குழு மூலம் ஸ்ரீபெரும்புதூரில் பத்து நாள் சோப்புப் பயிற்சி கொடுத்தபோது போய்ச் சேர்ந்தாள். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, குப்பைமேனிச் சாறு, கஸ்தூரி மஞ்சள். சோப்பு கெட்டியாகும்வரை விடாமல் கிண்ட வேண்டும், அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் அவள் சட்டியிடம் பேசிக்கொண்டே கிண்டினாள். அதே பயிற்சிக்குப் போன மற்ற பதினேழு பெண்களும் அதே சரக்கைப் போட்டுக் காய்ச்சினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நல்ல சோப்பு, அவ்வளவே.

அச்சு வாங்க வசதியில்லை. கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் குழி குழியான பிளாஸ்டிக் தட்டுகளில் வரும். பாகத்தை எடுத்தபின் தட்டு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அந்தத் தட்டுகளைக் கொண்டுவந்து அவள் ஊற்றினாள். ஆகவே முதல் சோப்பு சுற்றிலும் பல் வைத்த கியர் வடிவத்தில் வந்தது. அவள் அதற்குக் கனகா மூலிகைச் சோப்பு என்று பெயர் வைத்தாள், ஜனங்கள் கியர் சோப்பு என்றார்கள். இரண்டாயிரம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, வேலை விட்டு வந்த கொம்பையா அதைத் தேய்த்துக் குளித்தான். கலங்கலாக ஏதோ உடம்பிலிருந்து இறங்கித் தண்ணீரோடு போனது. துவட்டிக்கொண்டு வந்தவன் சோறு கேட்கவில்லை. உட்கார்ந்து, கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் ரோபோ எப்படித் தலையைத் திருப்பும் என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினான். சூப்பர்வைசர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினான். குழம்பு ஆறியது. இரண்டாம் தடவை சூடு பண்ணி அதுவும் ஆறியது. அந்த மூன்று மணி நேரம்தான் தன் கல்யாணம் என்று கனகலட்சுமி பின்னாளில் சொன்னாள்.

சரக்கு நல்லதாக இருந்தால் போதாது, நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவள் நோட்டீஸ் அடிக்கவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புமாகப் போய் நின்றாள். இறங்கி வருகிறவர்களிடம், "அண்ணே, ஒரே ஒரு கைய மட்டும் கழுவிட்டுப் போங்க, காசு வேண்டாம்" என்றாள். கழுவிய கை இலேசாகித் தானாக இடுப்புக்கு மேலே எழும்பும். கழுவாத கை முழங்காலைத் தொடும் கனத்தில் தொங்கும். இப்படி ஒரு பக்கம் சாய்ந்தபடி வீடு வரைக்கும் நடப்பது யாருக்கும் முடிகிற காரியம் இல்லை. நூறு அடி போனதும் திரும்பி வந்து முழு சோப்பாக வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு மாசிக்குள் கியர் சோப்பு இல்லாத வாடகை அறை இருங்காட்டுக்கோட்டையில் இல்லை என்றாகிவிட்டது.

பிரச்சினை சித்திரையில் வந்தது. ஆறு பேர் தங்கும் அறைகளில் அரிசி, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாம் பொது. ஒன்பதாம் நம்பர் அறையிலும் ஒரு சோப்பு வாங்கி வரிசையாக ஆறு பேரும் குளித்தார்கள். குளித்தவன் அலுப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போனாலும் கொஞ்சம் சோப்பில் ஒட்டியிருக்கும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒருவனின் அலுப்பு மறுபடி அவன் உடம்பிலேயே ஏறுவதில்லை. அடுத்தவன் உடம்பு கிடைத்தால் ஏறிக்கொள்ளும். அதுவும் முதல் ஐந்து பேரை விட்டுவிட்டு, எப்போதும் கடைசியாகக் குளிக்கும் மகாராஜா என்பவன் மேல் மொத்தமாக இறங்கியது. கடைசி ஆள் யார் என்று அது எப்படிக் கண்டுபிடித்தது என்று விளக்க முடியவில்லை. ஆனால் எல்லாம் கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழும் என்பது கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மகாராஜா பதினோரு நாள் தூங்கினான். பன்னிரண்டாம் நாள் எழுந்து டீ கேட்டான். வேலை போயிருந்தது; அடுத்த வாரமே வேறு கம்பெனியில் சேர்ந்தான். கனகலட்சுமி அவன் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போய், உறையில் "ஒருவருக்கு ஒரு சோப்பு" என்று அச்சடிக்கச் சொன்னாள். அவள் பயந்து செய்த காரியம் அது. விற்பனை ஆறு மடங்கானது.

அத்தனை பேர் குளித்த தண்ணீரும் ஒரே வழியில் வந்ததால்தான் ஆவணியில் சாக்கடை தூங்கியது. அதைக் கோதண்டராமனின் மனைவி சரோஜாதான் தூர்வாரினாள். அடியில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான மண் படிந்திருந்தது. வேலைக்கு நடுவே நெற்றி வியர்வையை அந்தக் கையாலேயே துடைத்தாள். நிலம் கைவிட்டுப் போன நாளிலிருந்து கண்ணை மூடாதவள் அவள். துடைத்த இடத்திலேயே சுவரில் சாய்ந்தவள் மறுநாள் உச்சி வெயிலில் எழுந்தாள். முகம் கழுவிய வெள்ளரிக்காய்போல இருந்தது. கனகலட்சுமி யோசிக்கவில்லை. அந்த மண்ணை ஏழு தடவை அலசி, துணியில் வடிகட்டி, வெட்டிவேர்த் தூள் சேர்த்து முகப்பூச்சு என்று டப்பாவில் போட்டாள். குன்றத்தூர் பியூட்டி பார்லரில் முதலில் வைத்தார்கள். அங்கிருந்து சென்னைக்குப் போனது. தொழில் நடத்துகிறவர்களும் தூக்கம் வராதவர்களுமான பெரிய வீட்டுப் பெண்கள் வெல்டர்களின் அலுப்பை முகத்தில் பூசிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். சாக்கடையும் மறுபடி ஓடியது.

இரண்டாயிரத்து மூன்றில் சுப்பராயன் வந்தார். ஆறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். தன் ஆட்கள் எல்லாருக்கும் மாதாமாதம் சோப்பு வேண்டும் என்றார். கனகலட்சுமி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இதக் குடுத்து இன்னொரு ஷிப்ட் பாக்கச் சொல்லுவீயளோ?" என்று கேட்டாள். சுப்பராயன் சிரித்தார். "நான் எதுக்கும்மா சொல்லணும்? அவனுங்களே வந்து கேக்குறானுங்க. அலுப்பு இல்லாதவன் ரூம்ல குந்திகினு இன்னா பண்ணுவான்?" என்றார். அன்று கொம்பையா வந்ததும் அவனிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். அவன் வந்து, குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டே, ஓ.டி.யை விட்டுவிட்டதாகவும் இனி இரண்டு மணிக்கு வேலை விட்டதும் பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியில் நாலு மணி ஷிப்டும் பார்க்கப்போவதாகவும் சொன்னான். "வீட்ல சும்மாதான புள்ள இருக்கேன்" என்றான். தன்னிடம் பேசிக்கொண்டிருப்பதற்குப் பெயர் சும்மா இருப்பது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் சுப்பராயனிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் இப்படிப் போனது. வாலாஜாபாத் சாலையில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்தாள். நாலு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். உள்ளூர் கேபிளில் படத்துக்கு அடியில் அவள் சோப்பின் பெயர் ஓடியது. குன்றத்தூர் மலையில் கிருத்திகை தோறும் கடை போட்டு, காலையிலிருந்து அந்தி வரைக்கும் சிரித்த முகத்தோடு நின்றாள். ஆனாலும் சட்டியைக் கிண்டுவதை வேறு யாரிடமும் விடவில்லை; மற்றவர்கள் கிண்டினால் சோப்பு வெறும் சோப்பாகிவிடுகிறது. கொம்பையா இரண்டரைக்கு வருவான், குளிப்பான், சாப்பிடுவான், மூன்றரை பஸ்ஸைப் பிடிப்பான். அவன் முகத்தில் களைப்பு துளியும் இல்லை. வாக்கியங்கள் மறுபடி மூன்றாகிவிட்டன. அவளும் தினமும் தன் சோப்பைத்தான் போட்டாள். ஊருக்கெல்லாம் முழு சோப்பு விற்றவள், தனக்கு உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டாள். தேய்ந்து காகிதமாகிவிட்ட பழைய சோப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் புதுத் துண்டின் முதுகில் ஈரத்தோடு அழுத்தி ஒட்டிவிடுவாள். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். அது கரைவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி ஐந்து வருஷமாக அவளுடைய சோப்பு ஒரு நாளும் முடியவேயில்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கொம்பையாவின் சோப்பு தீர்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மாடத்தில் இருந்த அவளுடைய சோப்பை எடுத்துத் தேய்த்தான். சோப்பு காய்ச்சுகிறவள் வீட்டில் உறையில் அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? முதல் சொம்பு ஊற்றும்போதே முழங்கால் மடங்கியது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாசலில் கம்பெனி பஸ் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சத்தம் கேட்டு வந்த கனகலட்சுமி அவன் கையில் இருந்த சோப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன்மேல் முதலில் இறங்கியது தோள்வலி, சட்டியைக் கிண்டியது. அடுத்தது பஸ் ஸ்டாப் வெயிலில் நின்ற கால்வலி. பிறகு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே பேசிய தாடைவலி. எல்லாவற்றுக்கும் அடியில், எந்த உறுப்பிலும் சேராமல், எல்லாவற்றையும்விடக் கனமாக ஒன்று கிடந்தது. அது அவன் பேசுவான் என்று இத்தனை வருஷம் காத்திருந்த அலுப்பு. கொம்பையா அதைத் தாங்க முடியாமல் குழந்தைபோல அழுதான்.

"இம்புட்டையும் எங்கட்டி வச்சிருந்த?" என்று கேட்டான்.

"சோப்புலதான்" என்றாள் கனகலட்சுமி.

அவன் ஒன்பது நாள் படுத்திருந்தான். தூங்கிய நேரம் போக மீதி நேரம் பேசினான். தொடர்ச்சியாகவும் இல்லை, சுவாரசியமாகவும் இல்லை. ரோபோவைப் பற்றிச் சொன்னதையே இரண்டு தடவை சொன்னான். அவள் ஷெட்டுக்குப் போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சுப்பராயன் சரக்கு கேட்டு ஆள் அனுப்பியபோது, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். பத்தாம் நாள் எழுந்த கொம்பையா பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்த் தன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, சட்டியின் மறுபக்கம் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தான். இருவரும் பேசிக்கொண்டே கிண்டியதில் அந்தத் தடவை சோப்பு அரை மணி நேரத்தில் கெட்டியானது.

சோப்பு இன்றும் விற்கிறது. இப்போது வட்டமாகவே வருகிறது. பல் இல்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுகிறார்கள். உறையில் அதே வாசகம்தான். ஆனால் கனகலட்சுமி வீட்டுக் குளியலறையில் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சோப்புதான் இருக்கிறது. சாயங்காலமானால் அங்கே கொஞ்சம் சத்தம் கேட்கும். யார் முதலில் குளிப்பது என்று சண்டை. "நீங்க போங்க மொதல்ல" என்பாள் அவள். "இல்ல, நீ போ" என்பான் அவன். அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.