பதினோரு கட்டுரைகளின் நார்மல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘நார்மல்’ என்று பெயர். நரம்பியல் முனைவர் பட்டப் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே, நோயாளிகளோடு ஒப்பிட ஓர் ஆரோக்கியமான மூளை வேண்டுமென்று பேராசிரியர் அவளை ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்தார். படம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. அடுத்து வந்த பதினோரு கட்டுரைகளிலும் நோயாளிகள் மாறினார்கள், நார்மல் அவள்தான்.

ஒரே சிக்கல், புதிதாக எதைக் கற்றாலும் மூளை மாறிவிடும். ஆகவே அவள் கற்கக் கூடாது. வகுப்பில் அவளுக்கு வருகைப் பதிவு உண்டு, காதில் பஞ்சும் உண்டு.

“ஆறு வருஷமா என்னதான்டி படிக்கிற?” என்று அம்மா போனில் கேட்டாள்.

“படிக்கலம்மா. படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“அதை வீட்லயே செய்யலாமே. உங்கண்ணன் சும்மாதானே செய்றான்.”

இன்னும் நான்கு மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ஆய்வேடு தயார். பதினோரு கட்டுரைகளையும் சேர்த்து பைண்டிங் செய்திருந்தாள், படித்துப் பார்க்கவில்லை. பேராசிரியரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

“நீ போயிட்டா நார்மலுக்கு நான் எங்க போவேன்?” என்றார் அவர்.

“வேற யாராவது, சார்...”

“எல்லாரையும் போட்டுப் பாத்தாச்சும்மா. இந்தத் துறையில ஒரு மூளையும் தேறல. என்னோடதும் சேத்துத்தான்.”

ஸ்கேன் இயந்திரத்தை இயக்கும் அக்காதான் வழி சொன்னாள். “மூணு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பழகு. மூணு மாசத்துல மூளை ஒரு இடத்துல தடிக்கும். நம்ம மெஷின் காட்டிக் கொடுத்திடும்.”

எலிக்கூண்டு அறையில் யாருக்கும் தெரியாமல் பழகினாள். பந்து விழும்போதெல்லாம் நாற்பது எலிகள் மூலைக்கு ஓடின. எண்பதாவது நாள் ஒரு நிமிடம் முழுக்கப் பந்து கீழே விழவில்லை. எலிகளும் அசையவில்லை.

வருடாந்தர ஸ்கேனில் பேராசிரியர் பழைய படத்தின் மேல் புதியதை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“யாரு உன்னைக் கெடுத்தது?”

“நானாத்தான், சார். மூணு பந்து போட்டுப் பிடிக்கக் கத்துக்கிட்டேன்.”

“பொத்திப் பொத்தி வெச்சிருந்தேனே! இனிமே உன்னை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?”

கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டோடு போகும் படிவத்தில் ‘பயிற்சியால் மாணவரிடம் ஏற்பட்ட மாற்றத்தை ஆதாரத்துடன் குறிப்பிடுக’ என்றொரு கட்டம் இருந்தது. அதை எல்லோரும் காலியாகத்தான் விடுவார்கள். அவர் எரிச்சலோடு ‘மூன்று பந்து’ என்று எழுதி, இரண்டு படங்களையும் அதில் இணைத்து அனுப்பினார்.

தேர்வுக்குழு அசந்துவிட்டது. பயிற்சித் திட்டம் தொடங்கி முப்பது வருடத்தில், மாணவர் ஒருவர் எதையோ கற்றார் என்பதற்கு வந்த முதல் ஆதாரம் அது. வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டை யாரும் திறக்கவே இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“நாலு பந்து போடுவீங்களா?”

“இன்னும் வராது, சார்,” என்றாள் அவள். “பட்டம் குடுத்துட்டீங்கன்னா கத்துக்கறேன்.”