பின்தொடையைச் சுமப்பவர்

செப்டம்பர் மாத நடுவில் ஒரு சனிக்கிழமைக் காலை, ட்ராய் தம் அக்காள் நடீனின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் வெள்ளைத் தாளில் இறுகச் சுற்றிய இறைச்சிப் பொட்டலங்கள். பார்த்த கணமே நடீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பி எல்க் மானை வீழ்த்திவிட்டார். மலையிலிருந்து இறைச்சியைச் சுமந்து இறக்கியும் ஆகிவிட்டது. தமக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

"எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார் நடீன்.

"புதன்கிழமை சாயங்காலம். அம்புலதான். நல்லா கொழுத்த ஆண் மான்."

"யாரு சுமந்தது?"

ட்ராய் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான், மார்லிஸ், அவ அண்ணன். வெல்டிங் கடைப் பசங்க ரெண்டு பேரு." மார்லிஸ் அவர் மனைவி; வெல்டிங் கடை அவர் வேலை செய்யும் இடம்.

"என் போன் நல்லாத்தான் இருந்துச்சு."

"வேலை நாள் அக்கா. ஸ்கூல் கிச்சன்ல நீ இல்லாட்டி பிள்ளைங்க பட்டினி கிடக்கும்."

"சாயங்காலத்துல எந்தப் பிள்ளைடா ஸ்கூல்ல சாப்பிடுது?"

ட்ராய் காலணியின் முனையைப் பார்த்தார்.

மொன்டானாவின் மலையடிவாரத்தில், இவர்கள் வாழும் கால்டர் போன்ற சிற்றூர்களில், வேட்டைப் பருவத்தில் வரும் தொலைபேசி அழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு. எல்க் மான் குதிரையளவு பெரியது. அது சாலையோரமாக வந்து விழும் வழக்கமும் இல்லை. ஆகவே மானை வீழ்த்தியவர், தோள் வலுவுள்ளவர்கள் யார் யார் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்து, ஒவ்வொருவராக அழைப்பார். அழைக்கப்பட்டவரும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சுமந்தவர்களுக்கு இறைச்சியில் பங்கு உண்டு. ஆனால் பங்கைவிட, நம் தோள் ஒருவருடைய நினைவுக்கு வந்தது என்பதே பெரிது. நடீன் இளம்பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அப்படி அழைக்கப்பட்டு வந்தவர். அதுவும், யாரும் விரும்பி ஏற்காத பின்தொடையைச் சுமப்பவர் என்று பெயர் வாங்கியவர்.

சென்ற ஆண்டு அந்தப் பெயர் போயிற்று. ட்ராய் வீழ்த்திய மானின் பின்தொடையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கிலிருந்து முகட்டுக்கு ஏறியபோது, பாதி மலையில் நடீன் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. ட்ராய் அக்காளைக் கைத்தாங்கலாக முகட்டைக் கடத்தி, வண்டிவரை இறக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். பிறகு அக்காள் விட்டுவந்த சுமைக்காகத் தனியாக மீண்டும் மலையேறினார். இதயத்தில் பழுதில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் உடல் எடை மிகுதி, இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டால் மாத்திரையின்றித் தப்பலாம் என்று மிகுந்த பணிவோடு எடுத்துரைத்தார். அந்த மலைச்சரிவில் நடந்ததைப் பற்றித் தம்பி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நடீன் பலமுறை நினைத்தது உண்டு.

"எடுத்துட்டுப் போடா. நான் சுமக்காத கறி எனக்கு வேண்டாம்."

"ஐயோ, இது கறிதானே அக்கா!"

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த கணவர் எர்ல் எட்டிப் பார்த்தார். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் வேட்டையை விட்டுவிட்டவர் அவர். ஆனால் வேட்டை இறைச்சியை விட்டவரல்லர். "நடீன், கோபம் தம்பி மேலதானே? கறி உனக்கு என்ன பண்ணுச்சு?"

"நீ சும்மா இரு."

"இருக்கேன். பாவம், பொட்டலம் போகுதேன்னு பார்த்தேன்."

ட்ராய் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்த் தம் வண்டியில் வைத்தார். ஏறி உட்கார்ந்த பின்பும் வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

நடீனுக்கு வலித்ததற்குக் காரணம் இருந்தது. பனி உருகத் தொடங்கிய நாள்முதல் அவர் தம் உடம்போடு போராடிக்கொண்டிருந்தார். கோதுமை வயல்களுக்கு நடுவே அமைந்த ஊருக்கு ஒரே ஒரு குன்றுதான், அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. வேலை முடிந்ததும் முதுகுப்பையில் உள்ளூர் வயலில் விளைந்த மைசூர்ப் பருப்பு மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு அந்தக் குன்றில் ஏறினார். முதலில் பாதிவரைதான். கோடை வந்தபோது உச்சிவரை ஏறி இறங்கி, மறுபடியும் ஏறினார். இறங்கும்போது முழங்கால்கள் முறையிட்டதால், பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டு, படியில் ஒற்றைக்காலில் மெல்ல இறங்கிப் பழகினார்.

சாப்பாடுதான் குன்றைவிடக் கடினமாக இருந்தது. காலையில் டோனட்டுக்குப் பதில் ஓட்ஸும் இரண்டு முட்டையும். இரவில் பருப்பு சூப்பும் முட்டைக்கோசும். பாட்டில் பானங்கள் வீட்டைவிட்டே போயின. மாவுக் குழம்பு ஊற்றிய, பிஸ்கெட் எனப்படும் மெத்தென்ற ரொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. பள்ளியில் சில்லி என்னும் காரமான பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் பரிமாறும் நாள்தான் பெரும் சோதனை. நூற்றுக்கணக்கான சுருள்களைத் தம் கையாலேயே சுட்டு, சர்க்கரைப் பாகு பூசி, பிள்ளைகளின் தட்டுகளில் வைத்துவிட்டு, விரலைக்கூட நக்காமல் கழுவிக்கொள்வார். அந்த நாட்களில் குன்றின்மீது கூடுதலாக ஒருமுறை ஏறுவார்.

"சுமக்கறதும் பருப்பு, திங்கறதும் பருப்பு. ராத்திரி தூக்கத்துலயாவது மாட்டுக்கறி பத்தி ஏதாவது உளறக் கூடாதா?" என்பார் எர்ல். நடீன் இழந்த எடையில் பாதி எர்லின் இடுப்பைச் சுற்றி வந்து சேர்ந்திருந்தது.

இதையெல்லாம் ஊரே பார்த்தது. ட்ராயும் வண்டியில் போகும்போது கையசைத்துவிட்டுப் போனவர்தான். அப்படியிருந்தும் அழைக்கவில்லை.

"அவன்கிட்டயே நேராக் கேட்டுடேன்," என்றார் எர்ல்.

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன கடன் சாமானா? அவனுக்கே தோணணும்."

நவம்பரில் துப்பாக்கி வேட்டைப் பருவத்தின்போது நடீன் தனியாகவே மலையேறினார். விடியுமுன் எர்ல் வண்டியில் கொண்டுவந்து பாதையின் தொடக்கத்தில் இறக்கிவிட்டார். பருவத்துக்கு ஒவ்வாத வெதுவெதுப்பான நாள் அது. தரையில் பனி திட்டுத்திட்டாகவே இருந்தது. நடீன் முகட்டைக் கடந்து மறுபுறப் பள்ளத்தாக்கில் இறங்கி, காற்று முகத்தில் படுமாறு மெல்ல நகர்ந்தார். வழியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கவில்லை. அது முகட்டைத் தாண்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெயில் மரங்களின் நுனியைத் தொட்டபோது, பெண் மான்களின் கூட்டம் ஒன்று பள்ளத்தாக்கின் புல்வெளிக்கு வந்தது. ஒரே குண்டு. ஓரமாய் நின்ற மான் சில அடிகள் நடந்து சாய்ந்தது. நடீன் அருகே சென்று, அதன் கழுத்தில் கைவைத்து, சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தார்.

மானின் காலில் வேட்டை உரிமச் சீட்டைக் கட்டி, அதை உரித்துப் பிரித்துத் துணிப்பைகளில் இட்டார். குடலும் எலும்பும் கிடந்த இடத்திலிருந்து பைகளைத் தள்ளிக் கொண்டுபோய் நிழலில் தொங்கவிட்டார். பழுப்புக் கரடிகள் இன்னும் குளிர்கால உறக்கத்துக்குப் போயிருக்கவில்லை. பிறகு, ஒரு பின்தொடையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். தொடைகள் எரிந்தன. தோள்பட்டையில் வார் அழுந்தியது. ஆனால் கால்கள் தாங்கின. முகட்டை அடைந்து சுமையை இறக்கியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். பார்க்கத்தான் யாருமில்லை.

முகட்டில் மட்டும்தான் தொலைபேசிக்குச் செல்கோபுரத்தின் அலை எட்டும். நடீன் தொலைபேசியைக் கையில் எடுத்தவர், அழைக்காமல் நின்றார். இன்றும் நாளையுமாக மொத்தத்தையும் தனியாகவே சுமந்துவிட முடியும் என்பது இப்போது உறுதியாகத் தெரிந்தது. சுமந்து இறக்கி, தம்பியின் வீட்டு வாசலில் வெள்ளைப் பொட்டலங்களைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும்! அந்த எண்ணம் இனித்தது. ஆனால் பிடரியில் வெயில் சுட்டது. இந்த வெப்பத்தில் நாளைவரை பள்ளத்தாக்கில் இறைச்சி கெடாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரவு கரடி வராது என்றும் சொல்ல முடியாது. தம் வீம்புக்காக ஓர் உயிரின் இறைச்சியைப் பாழாக்குவது முறையாகாது. அவர் தம்பியை அழைத்தார்.

"ட்ராய், மான் விழுந்திருக்கு. தோள் வேணும்."

மறுமுனையில் வெல்டிங் சத்தம் நின்றது. "எங்க?" என்று மட்டும் கேட்டார் ட்ராய்.

ட்ராயும் மார்லிஸும் வந்து சேர்ந்தபோது, முகட்டு மரத்தில் இரண்டு பைகள் தொங்கின. இடைப்பட்ட நேரத்தில் நடீன் ஒரு முன்காலின் சப்பையையும் மேலே கொண்டுவந்திருந்தார். ட்ராய் மூச்சிரைக்க அந்தப் பைகளைப் பார்த்தார்.

"இதை யாரு கொண்டாந்தது?"

"கரடி," என்றார் நடீன். "ரொம்ப மரியாதையான கரடி. கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிடுச்சு."

மார்லிஸ் சிரித்தார். "அண்ணி, அந்தக் கரடிய எங்க வீட்டுக்கும் அனுப்புங்க. இவரு மாடிப்படி ஏறவே ஆள் தேடறாரு."

மூவரும் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். கரடிகளுக்கு ஆளரவம் தெரிய வேண்டும் என்று மார்லிஸ் வழிநெடுகச் சுருதி சேராமல் பாடிக்கொண்டே வந்தார். கீழே மிஞ்சியிருந்தவை மற்றொரு பின்தொடை, முன்சப்பை, தனிக்கறி நிறைந்த ஒரு பை. ட்ராய் பழக்கத்தால் பின்தொடையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அது என்னோடது," என்றார் நடீன்.

"அக்கா, நீ ஏற்கெனவே ரெண்டு நடை போயிட்ட."

"தெரியும். என் கால்தானே போச்சு." பிறகு, இத்தனை மாதங்களாகக் கேட்காததைக் கேட்டுவிட்டார். "என்னை ஏன்டா கூப்பிடல? நான் உட்கார்ந்துட்டேன்னு அவமானமா இருந்துச்சா?"

ட்ராய் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "அவமானமா? அன்னைக்கு உன் மூஞ்சி சாம்பலாப் போச்சு. உன்னை இறக்கிட்டு வரும்போது, எர்ல் அத்தான்கிட்ட என்ன வார்த்தை சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துட்டே வந்தேன். அந்த வார்த்தை இன்னும் என் வாயிலேயே இருக்கு. இந்த செப்டம்பர்ல போனை எடுத்தேன் அக்கா. உன் பேரு வரைக்கும் வந்தேன். அழுத்த முடியல."

நடீன் இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா, முட்டாளே."

"சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் இரும்பு ஒட்டற வேலைக்குப் போறேன்?"

அவர் குனிந்து பின்தொடையைத் தூக்கினார். அதை நடீனின் முதுகுப்பையில் பொருத்தி, வார்களை இருபுறமும் ஒரே அளவில் இழுத்துக் கட்டினார். பின்பு அக்காள் எழுந்து நிற்கும்வரை பையின் அடியில் கைகொடுத்து, எழுந்ததும் கையை எடுத்துவிட்டார்.

ஏற்றத்தில் நடீன் முன்னே போனார். பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா... கொஞ்சம் நில்லு. எனக்கு இல்ல, மார்லிஸுக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி, பொய் சொல்றாரு!" என்று இன்னும் பின்னாலிருந்து பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார் மார்லிஸ்.

நடீன் நின்றார். பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "தின்னு. மார்ச் மாசம் என்னோட குன்று ஏற வா. பருப்பு மூட்டை இன்னொண்ணு இருக்கு."

அன்று மாலைக்குள் இறைச்சி முழுவதும் வண்டிக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. விடிந்து வெகுநேரம் ஆகியும் நடீனால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. தொடை, முதுகு, கழுத்து, எங்கே வலிக்கவில்லை என்று கேட்பதே எளிது. தொலைபேசி அடித்தபோது அதை எடுக்கக் கைகூட உயரவில்லை. எர்ல் எடுத்து மனைவியின் காதருகே பிடித்தார்.

"அக்கா," என்றார் ட்ராய். "மார்லிஸோட அண்ணன் மான் போட்டுட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம், செங்குத்து. நான் கிளம்பறேன். முதல்ல உனக்குத்தான் போன் அடிக்கறேன்."

எர்ல் கண்களை அகல விரித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அரை மணி நேரத்துல வர்றேன்," என்றார் நடீன்.

"உன்னால நகரவே முடியல, மனுஷி!"

"ஓட்ஸ் சாப்பிட்டா முடியும். அதுக்கு முன்னாடி பூட்ஸை மாட்டிவிடு. குனிய முடியல."

எர்ல் முணுமுணுத்தபடியே தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். ஒவ்வொரு கண்ணியிலும் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கு," என்றார் நடீன். "ஏத்தம் இருக்கு."